லாங்ஆர்ம் மெஷினில் கையோட்டமாக இறகு தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரையில் எங்கள் வீட்டு நீளக் கூடத்தில் ஒரு லாங்ஆர்ம் குயில்டிங் மெஷின் இருக்கிறது. 12 அடி ஃபிரேம், கூடத்தை அப்படியே அடைத்துக்கொண்டு நிற்கும். வெளிநாட்டில் இருந்த காலத்தில் தைக்கக் கற்று, ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களோடு கொண்டுவந்தது. இப்போது ஏர்வாடி, பெரியபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், தொண்டிப் பக்கங்களிலிருந்து பெண்கள் வந்து பழகுகிறார்கள். வருகிற எல்லோருக்கும் முதல் ஆசை இறகு டிசைன்தான்: நடுவில் ஒரு தண்டு, அதன் இரண்டு பக்கமும் வரிசையாக இதழ்கள். கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

லாங்ஆர்ம் என்றால் என்ன? வீட்டில் இருக்கும் தையல் மெஷினில் இதைச் செய்ய முடியாதா?

குயில்ட் மூன்று அடுக்கு கொண்டது. மேலே அழகுக்கான துணி, நடுவில் பஞ்சு விரிப்பு (இதைப் பேட்டிங் என்பார்கள்), கீழே அடித்துணி. மூன்றும் நகராமல் சேர்த்துப் பிடிக்கும் தையல்தான் குயில்டிங். நம் ஊரில் இது முற்றிலும் புதியதும் அல்ல. பிள்ளை பிறந்த வீட்டில் பழைய நூல்சேலைகளை நாலாக மடித்து, குறுக்கும் நெடுக்கும் ஓட்டுத்தையல் போட்டு விரிப்பு செய்வார்களே, அதன் அடிப்படையும் இதுதான். எங்கள் உம்மா தைத்த அப்படியொரு விரிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

வீட்டு மெஷினில் ஊசி ஓரிடத்தில் நிற்கும், துணியை நாம் நகர்த்துவோம். லாங்ஆர்மில் துணி ஃபிரேமில் விறைப்பாக நிற்கும், மெஷினையே கைப்பிடியைப் பிடித்து நகர்த்துவோம். தண்டவாளம் போன்ற பாதையில் சக்கரங்களின் மேல் மெஷின் முன்னும் பின்னும், இடமும் வலமும் உருளும். ஊசிக்கும் மெஷினின் உடம்புக்கும் நடுவே 18 முதல் 30 அங்குலம் வரை இடம் இருக்கும். அந்த நீண்ட கைதான் பெயருக்குக் காரணம்.

வீட்டு மெஷினிலும் இறகு தைக்கலாம். துணியை இழுக்கும் பல்லை இறக்கிவிட்டு, டார்னிங் ஃபுட் (துணியை இறுக்கிப் பிடிக்காத ஊசிப்பாதம்) மாட்டினால் போதும். சின்ன மெத்தை உறை, தொட்டில் விரிப்பு வரை நன்றாக வரும். இரட்டைக் கட்டில் அளவு என்றால் துணியைச் சுருட்டி மெஷினுக்குள் திணிப்பதிலேயே தோள் போய்விடும். லாங்ஆர்மின் விலை பல லட்சம். அதனால் முதலில் வீட்டு மெஷினில் பழகிப் பாருங்கள், கை பிடித்துப்போனால் அப்புறம் யோசிக்கலாம்.

எத்தனையோ டிசைன் இருக்க, எல்லோரும் ஏன் இறகையே தைக்கிறார்கள்?

இறகு எந்த இடத்துக்குள்ளும் அடங்கும். நீளமான பார்டரா, தண்டை அலைபோல வளைத்து ஓட்டலாம். சதுரமா, வட்டமாகச் சுற்றி மாலை ஆக்கலாம். முக்கோண மூலையா, தண்டைச் சிறிதாக்கி இதழைக் குறைத்தால் சரியாக உட்கார்ந்துவிடும். கட்டம் கட்டமாக அளந்து போடும் டிசைனுக்கு இந்த நெகிழ்வு கிடையாது.

பழமையும் உண்டு. இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம் பகுதிக் குயில்டுகளில் இறகு ஒரு முக்கியமான வடிவம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குயில்டுகளில் இறகு மாலை நிறையக் காணலாம். அவையெல்லாம் கையால், ஊசி ஊசியாகத் தைத்தவை. இப்போது நாம் மெஷினில் தைப்பது அதே வடிவத்தைத்தான்.

எனக்குப் படம் வரையவே வராது. இறகு வருமா?

வரும். ஒரு வெற்றிலையை எடுத்து நடு நரம்போடு இரண்டாக மடித்துப் பாருங்கள். அந்தப் பாதி வெற்றிலைதான் இறகின் ஓர் இதழ்: மேலே உருண்ட தலை, கீழே ஒல்லியாகி இறங்கும் வால். முந்திரிப் பருப்பு, சேலை பார்டரில் வரும் மாங்காய் எல்லாம் இதே குடும்பம்தான். கடற்கரையில் கிடக்கும் நிஜ இறகைப் பார்த்துத் தைக்க முயல வேண்டாம். அரிச்சல்முனைப் பக்கம் பொறுக்கிய பறவை இறகை ஒரு பெண் மாதிரிக்குக் கொண்டுவந்தாள். அழகான இறகுதான், ஆனால் அதில் நாம் தைக்கும் இதழ் இல்லை. குயில்ட் இறகு பல பாதி வெற்றிலைகளை ஒரு தண்டில் வரிசையாக ஒட்டியது போன்றது.

கல்யாணங்களுக்கு மருதாணி போடும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். கோனைப் பிடித்தால் கொடியும் இலையும் கையை எடுக்காமல் ஓடும். அவளுக்கு முதல் நாளிலேயே இதழ்களின் தலை உருண்டையாக வந்தது. கோடுதான் நடுங்கியது. "லாத்தா, இந்தக் கோன் ரொம்பக் கனமா இருக்கே" என்றாள். சரியாகச் சொன்னாள். மருதாணி மணிக்கட்டால் போடுவது. லாங்ஆர்மை மணிக்கட்டால் ஓட்ட முடியாது. தோளும் இடுப்பும் சேர்ந்து நகர வேண்டும். அதைப் பிடித்துக்கொள்ள அவளுக்கு ஒரு வாரம் ஆனது. அவளுக்குப் பக்கத்தில் பழகியவர் படமே வரையாதவர். அவருக்கு ஒரு மாதம் ஆனது. இன்று இருவர் தைத்ததையும் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

என் இறகு ஏன் இறகு மாதிரியே இல்லை? விரல் மாதிரி, சீப்பு மாதிரி நிற்கிறது.

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதிலையும் நான் பல வருடம் தப்பான இடத்தில்தான் தேடினேன். தலையை இன்னும் உருட்டவேண்டும், அளவு ஒன்றுபோல வேண்டும் என்றெல்லாம் நினைத்தேன். குறை தலையில் இல்லை, திரும்பி வரும் கோட்டில் இருந்தது.

ஓர் இதழை மெதுவாகப் பார்ப்போம். தண்டிலிருந்து கிளம்பி, 45 டிகிரி போலச் சாய்ந்து வெளியே போகிறோம். தலையைச் சுற்றுகிறோம். இதுவரை யாருக்கும் வரும். அப்புறம் தண்டை நோக்கித் திரும்புகிறோம். இங்கே பெரும்பாலோர் "எப்படியாவது தண்டைத் தொட்டால் போதும்" என்று நேராக வந்து குத்திவிடுகிறார்கள். அந்தக் கோடு தண்டில் செங்குத்தாக முட்டுகிறது. இதழ் ஒவ்வொன்றும் அப்படி முட்டினால் சீப்பின் பல் மாதிரி ஆகிவிடும்.

ஈசிஆரில் ஒரு கிளைச்சாலை சாய்வாக வந்து சேரும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி சேரும்போது இரண்டு சாலையும் சிறிது தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, அப்புறம் ஒன்றாகும். இதழின் வாலும் அப்படித்தான் தண்டோடு சேர வேண்டும். தண்டைத் தொடுவதற்கு ஓர் அங்குலம் முன்பே கோடு தண்டின் போக்கில், அடிப்பக்கம் பார்த்துச் சாய்ந்துவிட வேண்டும். தொடும் இடத்தில் மூலை இருக்கக் கூடாது.

இதற்கு ஒரு சோதனை உண்டு. தைத்த துணியில் ஓர் இதழின் வால் மேல் விரல் வைத்து, தலையிலிருந்து தண்டுக்கு வழித்துக்கொண்டே வாருங்கள். விரல் நிற்காமல் தண்டுக்குள் வழுக்கிப் போனால் சரி. எங்கேயாவது விரலைத் திருப்ப வேண்டியிருந்தால் அங்கேதான் தவறு. என் பழைய துணிகளில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்த அன்றுதான் எனக்கு இறகு புரிந்தது. தலை கோணலாக இருந்தாலும் வால் சரியாகச் சேர்ந்த இறகு பார்க்க நன்றாகவே இருந்தது. தலை எல்லாம் அச்சடித்தது போல இருந்தும் வால் முட்டிய இறகு பார்க்கச் சகிக்கவில்லை.

கண்ணும் இதோடு சேர்ந்தது. ஊசியைப் பார்த்துக்கொண்டு தைத்தால் வால் சேராது. தலையைச் சுற்றி முடிக்கும்போதே கண் தண்டில் சேரும் இடத்துக்குப் போய்விட வேண்டும். கை தானாக அங்கே வந்து சேரும்.

மெஷினைத் தொடும் முன் எத்தனை நாள் தாளில் பழக வேண்டும்?

நாள் கணக்கை விட விதம் முக்கியம். நோட்டுப் புத்தகத்தில் உட்கார்ந்து வரைந்தால் விரல்தான் பழகும். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, நின்றுகொண்டு, முழங்கையை மேசையில் ஊன்றாமல், ஒரு சாண் உயர இதழாக வரையுங்கள். பேனாவை எடுக்கக் கூடாது. தினம் 20 நிமிடம் போதும்.

கடல் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இன்னொரு வழி. அலை வற்றும் நேரத்தில் ஈர மணலில் ஒரு நீளக் குச்சியால் வரையுங்கள். ஓர் இதழ் 3 அடி இருக்கட்டும். வரைய வேண்டுமென்றால் நீங்கள் நடந்தே ஆக வேண்டும். இடுப்பு, கால், தோள் எல்லாம் சேர்ந்து நகரும் அந்தப் பழக்கம்தான் லாங்ஆர்முக்கு வேண்டியது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால் அவர்களும் வரைவார்கள்.

கை யோசிக்காமல் ஓடும் வரை தாளை விடாதீர்கள். மெஷினுக்கு வந்த பிறகும் நான் ஒரு குயில்ட் தொடங்கும் முன் பலகையில் ஐந்து நிமிடம் வரைவேன்.

எந்த வரிசையில் தைப்பது? எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது?

தண்டு முதலில். சாக்கால் மெல்லிய கோடு போட்டுக்கொள்ளுங்கள்: நேராக வேண்டாம், சோம்பலான ஓர் எஸ் வளைவு. வளைவு இறுக்கமாக இருந்தால் உள்பக்க இதழ்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். அடியிலிருந்து நுனி வரை தண்டைத் தையுங்கள். நுனியில் நூலை வெட்டாமல் திரும்பி, கால் அங்குல இடைவெளியில் பக்கக்கோடாக அடிவரை இறங்குங்கள். இப்போது தண்டு இரட்டைக் கோடாகிவிட்டது. பார்வைக்கும் நன்றாக இருக்கும், அடிக்குத் திரும்பி வந்த மாதிரியும் ஆச்சு.

இனி இதழ்கள், ஒரு பக்கம் முழுக்க அடியிலிருந்து நுனிக்கு. புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் சொல்வது இடைவெளி விட்ட இறகு. ஓர் இதழ் போய்த் தண்டுக்குத் திரும்பியதும், தண்டின் மேலேயே சிறிது தூரம் ஏறி, அடுத்த இதழைத் தனியாகத் தொடங்குவது. இதழுக்கும் இதழுக்கும் நடுவே ஒரு சன்னமான சந்து இருக்கும். தைத்த கோட்டின் மேல் மறுபடி தைக்க வேண்டிய வேலை அநேகமாக இல்லை.

கொஞ்சம் கை வந்ததும் ஒட்டிய இறகுக்குப் போகலாம். முதல் இதழின் மேல்விளிம்பு வழியாகத் தண்டுக்கு வந்திருப்பீர்கள். வந்த அதே கோட்டின் மேல் திரும்ப ஏறி, மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் அதை விட்டு விலகி, அடுத்த தலையைச் சுற்றி, சற்று மேலே தண்டில் இறங்குங்கள். ஒவ்வோர் இதழும் முந்தையதன் முதுகில் சாய்ந்து நிற்கும். இதில் ஏறும் கோடு இறங்கிய கோட்டின் மேலேயே விழ வேண்டும், அதுதான் கஷ்டம். நூல் கனமாக இருந்தால் இரட்டைக் கோடு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பம்ப்-பேக் என்று இன்னொரு முறையும் உண்டு. அதில் இதழின் தலைப்பகுதி மட்டுமே இரண்டு தடவை தைக்கப்படும், அதனால் வேகமாகப் போகும். அதைக் கடைசியில் பழகினால் போதும்.

நுனியில் ஒரு கண்ணீர்த்துளி வடிவ இதழ் வைத்து முடித்து, நூலைக் கட்டி வெட்டுங்கள். மறுபக்கத்தை மீண்டும் அடியிலிருந்து தொடங்குங்கள். இரண்டு பக்கமும் இதழ் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டியதில்லை. தண்டு வளையும் இடத்தில் வெளிப்பக்கத்துக்கு அதிக இதழ் வேண்டும், உள்பக்கத்துக்குக் குறைவாகத்தான் வேண்டும். ஒரு மூலை காலியாகத் தெரிந்தால் அங்கே இதழை நீட்டுங்கள்.

வலது பக்கம் நன்றாக வருகிறது, இடது பக்கம் கோணலாகிறது. என்ன செய்ய?

எல்லோருக்கும் ஒரு பக்கம் தகராறு பண்ணும். வராத பக்கத்தை முதலில் தையுங்கள், உடம்பு களைக்கும் முன்பே. சிலருக்கு அந்தப் பக்கத்தை நுனியிலிருந்து அடிக்குத் தைத்தால் சுலபமாகிறது. அப்படியும் தைக்கலாம், முடிந்த பிறகு யாருக்கும் தெரியாது.

தாளில் வட்டமாக வரும் தலை, மெஷினில் மூலை மூலையாக வருகிறதே?

மெஷினின் தலை கனமானது. ஓடத் தொடங்கினால் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும், திருப்பும்போது அடம்பிடிக்கும். இரண்டு சக்கரத் தொகுதி இருப்பதால் நேர்க்கோட்டில் போவது அதற்குச் சுலபம், வளைவது சிரமம். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் இந்தக் குணம் இன்னும் கூடும். முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடியுங்கள். முழங்கை விலாவுக்குப் பக்கத்தில், கால்கள் சற்று அகலமாக. நான் வெறுங்காலோடுதான் தைப்பேன், தரையில் எடை மாறுவது தெரியும்.

வேகமும் கவனிக்க வேண்டியது. மிக மெதுவாகப் போனால் கை நடுங்குவது எல்லாம் தையலில் பதிவாகும். வேகமாகப் போனால் திருப்பத்தில் தூக்கிப் போகும். இதழின் முதுகில் ஓடி, தலையில் சற்றே அடங்கி, வாலில் மறுபடி ஓடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே திசையில் இழுக்கிறது என்றால் ஃபிரேம் மட்டமாக இல்லை. மெஷினைப் பாதையின் நடுவே விட்டுக் கையை எடுங்கள். தானாக உருண்டால், ரசமட்டம் வைத்துக் காலைச் சரிசெய்யுங்கள். பழைய வீட்டுத் தரைகளில் இது சகஜம்.

ஸ்டிச் ரெகுலேட்டர் கட்டாயமா?

கட்டாயம் இல்லை, ஆனால் பழகுபவர்களுக்குப் பெரிய உதவி. சக்கரம் எவ்வளவு வேகமாக உருளுகிறது என்று உணர்ந்து அதற்கேற்ப ஊசியின் வேகத்தை அது மாற்றும், தையல் நீளம் ஒன்றுபோல இருக்கும். அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நீளமானால் தலையின் வளைவு பலகோணமாகத் தெரியும்.

நூல் அறுகிறது, பின்பக்கம் கோரமாக இருக்கிறது. நூலின் டென்ஷனை (இறுக்கத்தை) எப்படிச் சரிபார்ப்பது?

நான் காசு வாங்கித் தைத்த முதல் குயில்ட் ஒரு தொட்டில் விரிப்பு. மேலே இறகு அழகாக விழுந்துகொண்டிருந்தது, மனசெல்லாம் சந்தோஷம். மூன்று மணி நேரம் தைத்து, ஃபிரேமிலிருந்து கழற்றிப் புரட்டினேன். ஒவ்வொரு தலையின் வளைவிலும் பாபின் நூல் (கீழ்நூல்) தைக்கப்படாமல் நேராகக் கிடந்தது. மேல்நூல் புள்ளி புள்ளியாக அதைச் சுற்றியிருந்தது. நகத்தால் இழுத்தால் முழு நூலும் கையோடு வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தேன்.

அப்படிப் பாபின் நூல் பின்பக்கம் கோடாகக் கிடந்தால் மேல்நூல் தளர்வு, அல்லது பாபின் இறுக்கம். மேல்பக்கத்தில் மேல்நூல் கோடாகக் கிடந்தால் அதற்கு நேர்மாறு. வளைவில் வேகமாகச் சுற்றுவது இரண்டையும் மோசமாக்கும். முதலில் பாபினைச் சரிசெய்யுங்கள். பாபின் கேஸை உள்ளங்கையில் வைத்து நூலை மேலே இழுங்கள். கேஸ் எழுந்து நிற்க வேண்டும், ஆனால் கையை விட்டுத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அப்புறம் மேல்நூலை அதற்குத் தோதாக மாற்றுங்கள். குயில்டுக்கு வெளியே நீளும் அடித்துணியில் சில இதழ் தைத்து, கீழே குனிந்து, கைப்பேசி விளக்கில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் பாருங்கள்.

நூல் 40 நம்பர் பாலியஸ்டர் போதும். இங்கே கடைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் எம்ப்ராய்டரி நூலில் அந்தக் கனம் கிடைக்கும். ஓவர்லாக் நூல் மலிவு என்று போடாதீர்கள், பஞ்சு உதிரும், அறுந்துகொண்டே இருக்கும். ஊசி 16 அல்லது 18. ஒவ்வொரு குயில்டுக்கும் புதிது மாற்றுவது நல்லது.

எந்தத் துணி, எந்தப் பேட்டிங்? நம் வெயிலுக்கு யார் குயில்ட் போர்த்துவார்கள்?

மெல்லிய பருத்திப் பேட்டிங் போட்டால் நம் ஊரில் ஏசி அறையிலும், மார்கழிப் பனியிலும் தாராளமாகப் போர்த்தலாம். கட்டில் விரிப்பாக, தொட்டில் விரிப்பாக, சுவரில் தொங்கவிட என்று வேலையும் உண்டு. பாலியஸ்டர் பேட்டிங் இறகை உப்பலாகக் காட்டும், ஆனால் உடம்போடு ஒட்டி வியர்க்கும். 80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியஸ்டர் கலந்தது இரண்டுக்கும் நடுவில்.

பேட்டிங் மெல்லியதாக இருந்தால் இறகு எழும்பாதே என்று கேட்கலாம். இதழுக்கு வெளியே உள்ள இடத்தை நெருக்கமாகத் தையுங்கள், சின்னக் கூழாங்கல் வட்டங்களாக, அல்லது நெளிநெளியாக. சுற்றுப்புறம் அமுங்கினால் தைக்காமல் விட்ட இதழ்கள் தானாக மேலே எழும்பும். எனக்கு இந்த முறைதான் உயிர். நேரம் பிடிக்கும், ஆனால் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது அந்த இறகைப் பார்க்க வேண்டும்.

மேல்துணி ஒற்றை நிறப் பருத்தியாக இருந்தால் இறகு தெரியும். பூப்போட்ட துணியில் தொலைந்துவிடும். அடித்துணிக்கு நான் பூப்போட்டதையே போடச் சொல்வேன், பழகும் காலத்துத் தவறுகளை அது மறைக்கும். கரூர்ப் பக்கத்து அகலமான விரிப்புத் துணி ஒட்டுப்போடாமல் அடித்துணிக்கு உதவும். ஆனால் மிக நெருக்கமாக நெய்த வழவழப்பான பெட்ஷீட் வேண்டாம், ஊசி குத்தும்போது தையல் விடும். அடித்துணியும் பேட்டிங்கும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்.

ஃபிரேமில் ஏற்றும்போது பறை மாதிரி இழுத்துக் கட்டாதீர்கள். கீழிருந்து ஒரு விரலால் துணியை மேலே தள்ளினால், மேலே இருந்து அந்த விரல்நுனியைத் துணியோடு பிடிக்க முடிய வேண்டும். அதுதான் அளவு.

எங்கள் வீடு கடலுக்கு இருநூறு மீட்டரில் இருக்கிறது. உப்புக் காற்றில் மெஷின் தாங்குமா?

தாங்கும், நாம் சோம்பல் படாவிட்டால். விடியற்காலையில் ஃபிரேம் கம்பியைத் தொட்டால் பிசுபிசுக்கும், அது உப்பு. தைக்கும் முன் கம்பி, பாதை, சக்கரம் எல்லாவற்றையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். பாதையில் எண்ணெய் போடாதீர்கள், மணலும் பஞ்சும் ஒட்டிக்கொண்டு சக்கரம் தடதடக்கும். பாபின் இருக்கும் கொக்கிப் பகுதிக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, பிசினாகிவிடும்.

கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வரும் மாதங்களில் கடல் பார்த்த ஜன்னலைச் சாத்திவிட்டுத் தைக்கிறேன். வேலை முடிந்ததும் மெஷினின் மேல் பழைய பருத்திச் சேலை. பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளே ஈரம் கட்டும்.

ஊசியை மெஷினிலேயே விட்டுவிட்டுப் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால், அடுத்த முதல் தையலில் வெள்ளைத் துணியில் துருப்புள்ளி விழும். அது போகவே போகாது. ஊசிகளை மூடி இறுகிய டப்பாவில், மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். பாதி தைத்த குயில்ட் இரவில் ஃபிரேமில் கிடந்தால் இழுவையைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் படுங்கள்.

கரண்ட் போய்ப் போய் வருகிறதே?

ஸ்டெபிலைசர் இல்லாமல் மெஷினை ஓட்டாதீர்கள். வெளிநாட்டு மெஷின் என்றால் அது 230 வோல்ட்டுக்கு உரியதா என்று பின்பக்க லேபிளைப் பாருங்கள். 110 வோல்ட் மட்டும் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இதழின் நடுவே கரண்ட் போனால், சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே எடுத்துவிடுங்கள். மறுபடி தொடங்கும்போது அரை அங்குலம் பின்னால் போய்ப் பழைய தையலின் மேலேயே தொடங்குங்கள்.

கோடு போட எந்தப் பேனா?

தண்டும், இதழ்களின் வெளி எல்லையும் மட்டும் போதும். ஒவ்வோர் இதழையும் வரைந்துகொண்டால் கோட்டைத் துரத்துவீர்கள், கை ஓடாது. டெய்லர் சாக் நல்லது. ஃபுட் உரசி அழிந்துபோகும், அதனால் ஒரு தண்டுக்கு மட்டும் வரைந்து தையுங்கள். நீலத் தண்ணீர்ப் பேனா என்றால் முதலில் சோப்பு இல்லாத பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், அதுவரை இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. சூட்டில் கறை பிடித்துக்கொள்ளும். தானாக மறையும் ஊதாப் பேனா நம் ஈரக்காற்றில் தைத்து முடிக்கும் முன்பே மறைந்துவிடும்.

தப்பாக வந்த இதழைப் பிரிக்கவா, விடவா?

மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். கண் நேராக அங்கே போனால் பிரியுங்கள். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். வால் தண்டில் முட்டியதை நான் எப்போதும் பிரிப்பேன். தலை சிறுத்ததை, பெருத்ததைப் பிரிப்பதில்லை, பக்கத்து இதழை அதற்கேற்ப மாற்றிக்கொள்வேன்.

கம்ப்யூட்டர் வைத்த மெஷின் தானாகத் தைக்கிறதே, கையால் ஏன் கற்க வேண்டும்?

கம்ப்யூட்டர் ஒரே இறகை நூறு தடவை பிசகாமல் தைக்கும். மெஷினின் பின்பக்கம் நின்று, நீளத்தாளில் அச்சிட்ட படத்தின் மேல் லேசர் புள்ளியை ஓட்டித் தைக்கும் பேன்டோகிராஃப் முறையும் உண்டு. குயில்ட் முழுக்க ஒரே டிசைன் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டும் நல்லவை, நானும் பேன்டோகிராஃபில் தைத்திருக்கிறேன். கையோட்டத்தில் துணி கேட்பதை உடனே கொடுக்க முடியும். ஒரு மூலை இரண்டு அங்குலம் குறைந்திருந்தால் அங்கேயே, அந்த நொடியே, இதழைச் சுருக்கிவிடலாம்.

சம்பாத்தியம் பற்றியும் சேர்த்துக் கேட்பார்கள். வெளிநாடுகளில் லாங்ஆர்ம் கூலியைச் சதுர அங்குலக் கணக்கில் வாங்குவது வழக்கம். 60க்கு 80 அங்குலக் குயில்ட் என்றால் 4,800 சதுர அங்குலம். ஒரே டிசைனை முழுக்க ஓட்டுவதற்கு ஒரு விலை, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக இறகு தைப்பதற்கு அதைவிடக் கூடுதல் விலை. நானும் அதே கணக்கைத்தான் பின்பற்றுகிறேன். எத்தனை மணி நேரம் ஆகிறது என்று முதல் ஐந்து குயில்டுக்காவது எழுதி வையுங்கள். நம் பெண்கள் தங்கள் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமலே விலை சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம்.

நிஜக் குயில்டில் எப்போது தைக்கலாம்?

2 மீட்டர் காடாத் துணி இரண்டு துண்டு, நடுவில் மலிவான பேட்டிங். அதை ஃபிரேமில் ஏற்றி, இதழ் 2 முதல் 3 அங்குலமாக, மேலிருந்து கீழ்வரை இறகாலேயே நிரப்புங்கள். துணியின் நிறத்துக்கு மாறான நூல் போடுங்கள், தவறு தெரியட்டும். நிரம்பியதும் வேறு நிற நூலில் அதன் மேலேயே இன்னொரு தடவை நிரப்புங்கள். மூன்றாவது நிறத்துக்கு வரும்போது வால்கள் தாமாகத் தண்டில் வழுக்கிச் சேரத் தொடங்கியிருக்கும். அந்தத் துணியை ஓரம் கட்டி, தேதி எழுதி வையுங்கள். அடுத்து ஏற்றுவது உங்கள் வீட்டுப் பிள்ளையின் தொட்டில் விரிப்பாக இருக்கட்டும், துணியின் நிறத்திலேயே நூல் போட்டு.